கேசியோ எஃப்-91டபிள்யூ: பார்த்து வாங்க, நேரம் வைக்க, வீட்டிலேயே பேட்டரி மாற்ற

கேசியோ எஃப்-91டபிள்யூ என்ற டிஜிட்டல் வாட்ச் 1989-இல் வெளிவந்தது. வடிவமைத்தவர் ரியூசுகே மொரியாய். கேசியோ நிறுவனத்தில் அவர் வடிவமைத்த முதல் வாட்ச் அதுதான். இன்றும் அதே உருவம், அதே மூன்று பட்டன், அதே நீலக் கோடு. எடை 21 கிராம், தடிமன் 8.5 மி.மீ. விலை ஊருக்கும் கடைக்கும் ஏற்பக் கொஞ்சம் மாறும். இந்தியாவில் ஆயிரம் ரூபாயை ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

மலிவாக இருப்பதால் மட்டும் ஒரு பொருள் இத்தனை வருடம் ஓடிவிடாது. இந்த வாட்ச் செய்யும் வேலைகள் குறைவு, அந்த வேலைகளுக்கு அது எடுக்கும் மின்சாரம் அதைவிடக் குறைவு. உள்ளே இருக்கும் சிஆர்2016 பேட்டரியின் கொள்ளளவு சுமார் 90 மில்லியாம்ப்-மணி. கம்பெனி சொல்லும் ஆயுள் 7 வருடம், அதாவது 61,000 மணி நேரத்துக்கு மேல். வகுத்துப் பார்த்தால் வாட்ச் இழுக்கும் மின்னோட்டம் சராசரியாக ஒன்றரை மைக்ரோஆம்ப், அதாவது ஓர் ஆம்பின் பத்து லட்சத்தில் ஒன்றரைப் பங்கு, என்று வருகிறது. எண்களைக் காட்டும் எல்சிடி திரை தானாக ஒளிர்வதில்லை, வெளியே இருக்கும் வெளிச்சத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. இயங்கும் நேரத்தில் பேட்டரியை அதிகமாகத் தின்பவை பச்சை விளக்கும் பீப் ஒலியும்தான். அந்த 7 வருடக் கணக்கே தினமும் ஒருமுறை விளக்கு, ஒருமுறை 20 விநாடி அலாரம் என்று வைத்துப் போட்டதுதான். விளக்கைத் தொடாதவர்கள் கையில் அதற்கு மேலும் ஓடும். குழந்தை கையில் கொடுத்து இரவெல்லாம் பட்டனை அமுக்க விட்டால் குறையும்.

வாங்கும்போது

இந்த வாட்சுக்குப் போலி ஏராளம். முதல் சோதனை வலது பட்டன். நேரம் காட்டும் நிலையில் அதை மூன்று நான்கு விநாடி விடாமல் அமுக்கிப் பிடியுங்கள். திரையில் கம்பெனிப் பெயர் ஆங்கில எழுத்தில் வர வேண்டும். வராவிட்டால் சந்தேகமே வேண்டாம், போலி. வந்துவிட்டது என்பதற்காக மட்டும் அசல் என்று முடிவு செய்துவிடாதீர்கள். இதையும் காப்பியடித்த போலிகள் உண்டு.

அதனால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எஃகு மூடியில் மாடல் பெயரோடு 593 என்ற எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அது உள்ளே இருக்கும் இயந்திரத்தின் எண். மூடியைச் சிறிய ஸ்க்ரூக்கள் நான்கு பிடித்திருக்கும். முன்பக்க எழுத்துகளின் ஓரம் கசிந்திருந்தாலும், விளக்கு பச்சையாக இல்லாமல் நீலமாக எரிந்தாலும், பட்டன் அமுங்கும் இடம் கையில் தெரியாமல் கொழகொழவென்று இருந்தாலும் வாங்காதீர்கள். அசல் விலையில் பாதிக்கும் கீழே ஒருவர் கொடுக்கிறார் என்றால் இந்தச் சோதனைகள்கூடத் தேவையில்லை.

ஓர் இடைச்செருகல். கியூபாவில் அமெரிக்கா நடத்தும் குவாண்டனாமோ ராணுவச் சிறையின் கைதிகளைப் பற்றிய அமெரிக்க ராணுவக் கோப்புகளில், இந்த வாட்ச் கையில் இருந்ததையே பயங்கரவாதத் தொடர்பைச் சந்தேகிக்கும் அடையாளமாக எழுதி வைத்திருந்தார்கள். 2011-இல் அந்தக் கோப்புகள் வெளியானபோது பலரும் கேட்ட கேள்வி நியாயமானது: உலகத்தில் பாதிப் பேர் கட்டியிருக்கும் வாட்ச் எப்படி அடையாளமாகும்?

நேரம் வைப்பது

பட்டன்கள் மூன்று. இடது மேல் பட்டன் விளக்கு, இடது கீழ் பட்டன் நிலையை மாற்றுவது, வலது பட்டன் எண்ணை மாற்றுவது. கீழ் பட்டனை அமுக்க அமுக்க அலாரம், ஸ்டாப்வாட்ச், நேரம் வைக்கும் நிலை என்று போய் மறுபடி சாதாரண நேரத்துக்கு வரும்.

நேரம் வைக்கக் கீழ் பட்டனை மூன்று முறை அமுக்குங்கள். விநாடி மின்னும். இப்போது வலது பட்டனை அமுக்கினால் விநாடி 00 ஆகும். அடுத்த இடத்துக்குப் போக மேல் பட்டன். வரிசை இப்படி: விநாடி, மணி, நிமிடம், மாதம், தேதி, கிழமை. ஒவ்வோர் இடத்திலும் வலது பட்டனால் எண்ணைக் கூட்டலாம், அமுக்கிப் பிடித்தால் வேகமாக ஓடும். பின்னோக்கிப் போக வழியில்லை. தாண்டிவிட்டால் ஒரு சுற்று சுற்றித்தான் வர வேண்டும். முடிந்ததும் கீழ் பட்டன். நடுவில் அப்படியே விட்டுவிட்டாலும் சில நிமிடத்தில் தானாகச் சாதாரண நிலைக்குத் திரும்பிவிடும்.

இங்கே நிறையப் பேர் கோட்டை விடுவது மாதத்தில். சாதாரணத் திரையில் கிழமையும் தேதியும்தான் தெரியும், மாதம் தெரியாது. அதனால் மாதத்தை யாரும் கவனிப்பதில்லை. வாட்சுக்குள் மாதம் ஜூன் என்று இருந்து, வெளியே உண்மையில் ஜூலை ஓடிக்கொண்டிருந்தால், 30-க்கு அடுத்த நாள் வாட்ச் 1 காட்டும். 'தேதி அடிக்கடி தப்பாகிறது, வாட்ச் பழுது' என்று கடைக்குப் போகும் வாட்சுகளில் இந்த வகையும் உண்டு. பழுதெல்லாம் இல்லை, மாதத்தைச் சரியாக வைத்தால் போதும்.

பிப்ரவரிக்கு எப்போதும் 28 நாள்தான். வாட்சுக்குள் வருடம் என்ற கணக்கே கிடையாது என்பதால் லீப் வருடம் அதற்குத் தெரியாது. அடுத்து 2028 பிப்ரவரி 29 அன்று அது 1 காட்டும். மறுநாள், மார்ச் 1 காலையில், தேதியை 2-இலிருந்து 1-க்குக் கொண்டுவந்துவிட்டால் அதற்குப் பிறகு நான்கு வருடத்துக்குக் கவலையில்லை. கிழமை தானாகச் சரியாகவே இருக்கும், அதைத் தொட வேண்டாம்.

12 மணிக் கணக்கும் 24 மணிக் கணக்கும் சாதாரண நிலையில் வலது பட்டனை ஒருமுறை அமுக்கினாலே மாறிக்கொள்ளும். தெரியாமல் கை பட்டு 15:40 என்று காட்டினால் பதற வேண்டாம், இன்னொரு முறை அமுக்குங்கள்.

அலாரமும் மணிக்கொரு பீப்பும்

கீழ் பட்டனை ஒருமுறை அமுக்கினால் அலாரம் நிலை. மேல் பட்டனால் மணியைத் தேர்ந்து வலது பட்டனால் கூட்டுங்கள், மறுபடி மேல் பட்டன், நிமிடம். 12 மணிக் கணக்கில் வைத்திருந்தால் பிற்பகல் குறி இருக்கிறதா இல்லையா என்று பாருங்கள். காலை 5-க்கு வைத்ததாக நினைத்து மாலை 5-க்கு வைத்துவிட்டுத் தூங்குபவர்கள் அதிகம்.

அலாரம் நிலையில் எதுவும் மின்னாதபோது வலது பட்டனை அமுக்கினால் அலாரம் மட்டும், மணிக்கொரு பீப் மட்டும், இரண்டும், எதுவுமில்லை என்று நான்கு நிலைகள் மாறி மாறி வரும். திரையில் இரண்டு சிறு குறிகள் தோன்றி மறைவதைப் பார்க்கலாம். இரண்டுமே இல்லாத நிலைதான் அமைதி. கூட்டத்தில், நூலகத்தில், சாவு வீட்டில் சரியாக ஒரு மணிக்கு 'பீப்' என்று கத்தி மானத்தை வாங்குவது அந்த மணிக்கொரு பீப்தான். வாங்கிய அன்றே அணைத்து வைப்பது நல்லது. அலாரம் அடித்தால் 20 விநாடிதான் அடிக்கும், எந்தப் பட்டனை அமுக்கினாலும் நிற்கும். ஆழ்ந்து தூங்குபவர்களை எழுப்ப அந்தச் சத்தம் போதாது.

ஸ்டாப்வாட்ச் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வலது பட்டன் ஓட்டும், நிறுத்தும். மேல் பட்டன் ஓடும்போது இடைநேரம் காட்டும், நின்றபின் பூஜ்யமாக்கும். 59 நிமிடம் 59.99 விநாடி வரைதான் கணக்கு. அதைத் தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும், எனவே ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்கும் எதற்கும் இதை நம்ப வேண்டாம்.

மாதம் ஒருமுறை விநாடி திருத்துவது

கம்பெனி சொல்லும் துல்லியம் மாதத்துக்கு 30 விநாடி கூடவோ குறையவோ. உள்ளே துடிக்கும் குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த வகைப் படிகம் 25 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் வேகமாக ஓடும். அதைவிடக் குளிர்ந்தாலும் சுட்டாலும் மெதுவாகும். கையில் கட்டியே இருந்தால் உடல் சூடு வெப்பநிலையை ஓரளவு ஒரே சீராக வைத்திருக்கும். ஜன்னலோரம் வெயிலில் கிடக்கும் வாட்ச் பின்தங்குவது இதனால்தான்.

திருத்த முழு நேரத்தையும் மறுபடி வைக்க வேண்டியதில்லை. போனில் விநாடி தெரியும்படி கடிகாரத்தைத் திறந்து வையுங்கள். வாட்சில் கீழ் பட்டனை மூன்று முறை அமுக்கி, போனில் 00 வரும் கணத்தில் வலது பட்டனை ஒருமுறை அமுக்கி, கீழ் பட்டனால் வெளியே வாருங்கள். வாட்ச் 10 விநாடி முந்தியிருந்தால் அப்போது 10 காட்டிக்கொண்டிருக்கும், அது 00-க்கு இறங்கும். 10 விநாடி பிந்தியிருந்தால் 50 காட்டும். 30 முதல் 59 வரை இருக்கும்போது அமுக்கினால் நிமிடம் ஒன்று தானாகக் கூடிவிடும். இரண்டு பக்கமும் சரியாகிவிடும்.

பேட்டரி மாற்றுவது

விளக்கை அமுக்கும்போது எண்கள் மங்கினாலோ மறைந்தாலோ, பீப் சத்தம் மெலிந்தாலோ பேட்டரி முடியப் போகிறது. கடையிலும் மாற்றலாம். வீட்டிலேயே மாற்ற அரை மணி நேரம் போதும், பேட்டரி செலவு மட்டும்தான்.

வேண்டியவை: நல்ல கம்பெனி சிஆர்2016 ஒன்று, பிளஸ் தலை ஸ்க்ரூ டிரைவர், 00 அளவு, ஒரு பிளாஸ்டிக் இடுக்கி, ஓர் உலோக இடுக்கி, பல்குச்சி, வெள்ளைத் துணி, கிடைத்தால் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ். சிஆர்2016 என்றால் 20 மி.மீ. அகலம், 1.6 மி.மீ. தடிமன். சிஆர்2025 அகலத்தில் அதே, தடிமனில் 2.5 மி.மீ. கடைக்காரர் 'இரண்டும் ஒன்றுதான் சார்' என்று 2025-ஐக் கொடுத்தால் வாங்காதீர்கள். அமுக்கித் திணித்தால் பிடிப்புத் தகடு வளைந்துவிடும்.

1. துணியின் மேல் வாட்சைக் கவிழ்த்து வையுங்கள். ஸ்ட்ராப் இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு ஆட்டும். மேசை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டால் உடல் அசையாமல் உட்காரும். வெள்ளைத் துணி எதற்கென்றால் கீழே விழும் ஸ்க்ரூ கண்ணுக்குத் தெரிய.

2. ஸ்க்ரூ டிரைவரை நேராக நிறுத்தி, நன்றாக அழுத்தி, பிறகு திருப்புங்கள். அழுத்தாமல் திருப்பினால் தலை மழுங்கிவிடும். மழுங்கிய ஸ்க்ரூவைக் கழற்றுவது பேட்டரி மாற்றுவதைவிடப் பெரிய வேலை.

3. மூடியை மெதுவாகத் தூக்குங்கள். மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் வட்டத் தகடுதான் பீப் ஒலி எழுப்புவது. இயந்திரத்திலிருந்து மெல்லிய ஸ்பிரிங் ஒன்று மேலே நீட்டிக்கொண்டிருக்கும், மூடியை மூடும்போது அது அந்தத் தகட்டைத் தொடும். கண் இமை மயிர் தடிமன்தான் இருக்கும் அந்த ஸ்பிரிங். வாட்சைச் சாய்த்தால் நழுவி விழும், துள்ளினால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பேட்டரி மாற்றிய பிறகு 'அலாரம் அடிக்கவில்லை' என்றால் முதலில் கேட்க வேண்டியது இந்த ஸ்பிரிங் எங்கே என்பதைத்தான்.

4. ஓரத்தில் ஓடும் கறுப்பு ரப்பர் வளையம் தண்ணீரைத் தடுப்பது. இடத்தைவிட்டு வந்திருந்தால் பல்குச்சியால் மறுபடி பள்ளத்தில் உட்கார வையுங்கள். நகத்தால் இழுக்காதீர்கள்.

5. பேட்டரியைப் பிடித்திருக்கும் தகட்டின் கொக்கியைப் பல்குச்சியால் தள்ளி விடுவியுங்கள். பழையது எந்தப் பக்கம் மேலாக இருந்தது என்று பார்த்துக்கொண்டு எடுங்கள். புதியதை ஓரத்தைப் பிடித்து அப்படியே வையுங்கள். இரண்டு முகத்தையும் சேர்த்து உலோக இடுக்கியால் பிடித்தால் பேட்டரி அங்கேயே ஷார்ட் ஆகும். அதற்குத்தான் பிளாஸ்டிக் இடுக்கி.

6. 'ஏசி' என்ற இரண்டு ஆங்கில எழுத்துக் குறி இருக்கும் இடத்தையும் பேட்டரியின் பிளஸ் முகத்தையும் உலோக இடுக்கியின் இரு முனையால் இரண்டு விநாடி சேர்த்துத் தொடுங்கள். இது இயந்திரத்தை முதலிலிருந்து தொடங்க வைக்கும். இதைச் செய்யாமல் விட்டால் சில நேரம் ஓடும், சில நேரம் தாறுமாறான கோடுகளைக் காட்டும்.

7. ஸ்க்ரூ போடுவதற்கு முன் மூடியை மேலே வைத்து விரலால் அழுத்திக்கொண்டு கீழ் பட்டனை அமுக்குங்கள். பீப் வந்தால் ஸ்பிரிங் சரியான இடத்தில் இருக்கிறது. வராவிட்டால் மூடியைத் திருப்பி வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

8. ரப்பர் வளையத்தில் கிரீஸை விரல் நுனியால் பளபளப்பு வரும் அளவு மட்டும் தடவுங்கள். நான்கு ஸ்க்ரூவையும் பாதி வரை திருகி, பிறகு எதிரெதிர் மூலையாக இறுக்குங்கள். ஒரு மூலையை முதலிலேயே முழுதாக இறுக்கினால் வளையம் மறுமூலையில் மடிந்துகொள்ளும், அங்கேதான் பிறகு தண்ணீர் நுழையும். டிரைவர் தானாக நிற்கும் இடத்தோடு நிறுத்துங்கள்.

திரை வெறுமையாகவே இருந்தால் பேட்டரி தலைகீழாக இருக்கலாம், தொடும் தகடு வளைந்திருக்கலாம், அல்லது வாங்கிய பேட்டரியே செத்திருக்கலாம். மல்டிமீட்டர் இருந்தால் பாருங்கள். புதியது 3 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். எண்களில் சில கோடுகள் மட்டும் வராமல் போவது வேறு பிரச்சினை. இயந்திரத்தை வெளியே எடுத்துக் கழற்றியவர்களுக்குத்தான் அது வரும்: திரைக்கும் சர்க்யூட்டுக்கும் நடுவே இருக்கும் வரி வரியான ரப்பர் பட்டை நகர்ந்திருக்கும். பிரித்து, இரண்டு பக்கமும் தூசியைத் துடைத்து, நேராக வைக்க வேண்டும். பேட்டரி மாற்ற மட்டும் என்றால் இயந்திரத்தை வெளியே எடுக்கவே தேவையில்லை.

பழைய பேட்டரியின் இரு முகத்திலும் டேப் ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இந்தக் காசு பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதா இல்லையா என்று சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், மலத்தில் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

தண்ணீர், வியர்வை, கீறல்

முகப்பில் 'வாட்டர் ரெசிஸ்ட்' என்று எழுதியிருப்பது கை கழுவலாம், மழையில் நனையலாம் என்பதற்குத்தான். கிணற்றில் குதிக்க அல்ல. தண்ணீருக்குள் பட்டனை அமுக்குவது இன்னும் மோசம், பட்டன் தண்டைச் சுற்றி நீர் இழுக்கும். கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் பின்மூடியைத் திறந்து, பேட்டரியை எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு டப்பாவில் மூடி ஒருநாள் வையுங்கள். அரிசிக்குள் புதைத்தால் மாவுத்தூள்தான் உள்ளே போகும். ஹேர் டிரையர் சூடு திரைக்கு ஆகாது. கடல்நீர் போயிருந்தால் அதன் உப்பு சர்க்யூட்டில் இருக்கும் செம்பை அரிக்கத் தொடங்கிவிடும், அன்றைக்கே திறக்க வேண்டும்.

சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் மாதிரி வியர்த்துக்கொட்டும் ஊர்களில் முதலில் போவது ஸ்ட்ராப்தான். வியர்வையும் ஈரமும் ஸ்ட்ராப்பின் ரெசின் பிளாஸ்டிக்கை வருடக்கணக்கில் இறுக்கி, கொக்கி மாட்டும் துளையருகே வெடிக்க வைக்கும். வாரம் ஒருமுறை சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். டீட் என்ற ரசாயனம் கலந்த கொசுவிரட்டி பிளாஸ்டிக்கைக் கரைக்கும்; தடவிய கையால் வாட்ச் முகப்பைத் தொட்டால் கண்ணாடி நிரந்தரமாக மங்கும்.

ஸ்ட்ராப் மாற்ற, பின்பக்கமாக ஸ்பிரிங் கம்பியின் ஒரு முனையைச் சிறு டிரைவரால் உள்ளே தள்ளி எடுக்கலாம். மாற்று 18 மி.மீ. துணி ஸ்ட்ராப் கேட்டு வாங்குங்கள், மெல்லியதாக இருக்கட்டும். கம்பிக்கும் உடலுக்கும் இடையே இடம் குறைவு என்பதால் தடித்த துணி நுழையாது. முகப்புக் கண்ணாடி அக்ரிலிக் என்பதால் லேசான கீறலுக்கு, சுற்றிலும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு, வெள்ளைப் பற்பசையை மென்துணியில் வைத்துச் சில நிமிடம் வட்டமாகத் தேய்த்தால் போதும். நகத்தில் தட்டுப்படும் ஆழமான கீறல் போகாது.

இது யாருக்கு ஒத்துவராது

இருட்டில் அடிக்கடி நேரம் பார்ப்பவர்களுக்கு இதன் விளக்கு ஏமாற்றம்தான்: இடது ஓரத்தில் ஒரு சிறு பச்சைப் பொட்டு, வலது ஓர எண்களுக்கு வெளிச்சம் எட்டுவதேயில்லை. அவர்களுக்கு முழுத் திரையும் ஒளிரும் எஃப்-105டபிள்யூ. நீந்துபவர்கள் 100 மீட்டர் தாங்கும் டபிள்யூ-800எச் அல்லது ஏஇ-1200டபிள்யூஎச் எடுக்கலாம். இரண்டுக்கும் 10 வருட பேட்டரி, ஆனால் அவற்றுக்கு சிஆர்2025. உயரத்திலிருந்து விழும், மோதும் வேலை என்றால் விலை ஏறினாலும் 200 மீட்டர் தாங்கும் டிடபிள்யூ-5600 வகை ஜி-ஷாக். உலோகச் சங்கிலிதான் வேண்டும் என்பவர்களுக்கு ஏ158டபிள்யூ, உள்ளே இதே 593 இயந்திரம். நீட் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு எந்த வாட்சும் வேண்டாம், கூடத்துக்குள் விடமாட்டார்கள்.

கையில் சாமர்த்தியம் உள்ளவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. சென்சார் வாட்ச் என்ற மாற்றுச் சர்க்யூட் பலகை, இதே உடலையும் திரையையும் பட்டன்களையும் வைத்துக்கொண்டு நாமே எழுதும் நிரலை ஓட்டும்.

உடல் உடைந்து ஸ்ட்ராப் கம்பி நிற்காமல் போகும் நாள் வந்தால் ஒட்டவைக்க முயலாதீர்கள். பசை அந்த இழுவையைத் தாங்காது. புதியது வாங்கிக்கொண்டு, பழையதிலிருந்து நான்கு ஸ்க்ரூ, ஸ்பிரிங், கொக்கி, கம்பிகளை எடுத்துச் சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த பேட்டரி மாற்றத்தில் துள்ளி ஓடப் போகும் ஸ்பிரிங்குக்கு மாற்று கடைகளில் தனியாகக் கேட்டால் எளிதில் கிடைக்காது.